கதவு நிலையில் ஐந்து எண்கள்

ஐயா, வணக்கம். கோத்தகிரியில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். களப்பணியாளர்கள் ஒன்றரை வருஷத்துக்கு மேல் நிற்பதில்லை. கிராமத்திலும் முன்பு போல ஒத்துழைப்பு இல்லை. போன மாதம் எங்களுக்கு ‘சிஸ்டம்ஸ் திங்கிங்’ என்று இரண்டு நாள் பயிற்சி நடந்தது. சார்ட் பேப்பரில் நிறைய வட்டமும் அம்பும் வரைந்தோம். திரும்பி வந்ததும் பழைய வேலைதான். எங்களைப் போன்ற சின்ன நிறுவனத்துக்கு இதனால் பயன் உண்டா? தமிழில் இதற்கு என்ன பெயர்? வரைவதற்கு எந்த மென்பொருள் நல்லது?
ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் வீட்டுக்குப் பின்னால் முளைத்திருந்த சீகைக் கன்றுகளைப் (சீகைக்காய் இல்லை, ‘வாட்டில்’ என்கிற மரம்) பிடுங்கிக்கொண்டிருந்தேன். பிடுங்கும்போது மனதில் ஓடியதும் இதே விஷயம்தான்.

மென்பொருள் வேண்டாம். பெயர், அமைப்புசார் சிந்தனை என்கிறார்கள். ஒரு சிக்கலைத் தனித்தனித் துண்டாகப் பார்க்காமல், ஒன்று இன்னொன்றை எப்படித் தூண்டுகிறது, அது எப்படித் திரும்பி வருகிறது என்று முழுதாகப் பார்ப்பது. வேறு சொல் பிடித்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். 1950களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இருந்த, இந்த வழிக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான ஜே ஃபாரஸ்டரிடம் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனிக்காரர்கள் ஒரு சிக்கலைச் சொன்னார்கள். கென்டக்கியில் இருந்த அவர்கள் ஆலைகளில் ஒரு சமயம் மூன்று நான்கு ஷிப்டு ஓடும்; சில வருஷம் கழித்துப் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்புவார்கள். வியாபாரம் ஏறி இறங்குவதால்தான் என்று சொல்லிப் பார்த்தார்கள், அது சரியாகப் பொருந்தவில்லை. ஃபாரஸ்டர் ஒரு நோட்டில் பென்சிலால் கணக்குப் போட்டார். வெளியிலிருந்து ஆர்டர் ஒரே சீராக வந்தாலும், ஆள் எடுப்பதிலும் சரக்கு இருப்பிலும் அவர்கள் வழக்கமாக எடுக்கும் முடிவுகளே அந்த ஏற்ற இறக்கத்தை உண்டாக்கிவிடும் என்று தெரிந்தது.

இதைச் சொல்லக் காரணம் உங்கள் கடிதத்தில் உள்ள ஒரு வரி. ‘கிராமத்திலும் முன்பு போல ஒத்துழைப்பு இல்லை.’ இந்த வரியை இனி எந்த ரிப்போர்ட்டிலும் எழுதாதீர்கள். படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. உங்கள் மீது மட்டுமல்ல. நானும் இதே வரியை எழுதியவன்.

இருபது வருஷத்துக்கு முன் எமரால்டு பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், வேலை பார்த்தேன். ஊருக்கு மேலே இருந்த சதுப்பைச் சீகை மூடியிருந்தது. ஆஸ்திரேலிய மரம்; பிரிட்டிஷார் கொண்டுவந்தது; பிற்பாடு தோல் பதனிடும் பட்டைக்காகப் புல்வெளியெல்லாம் நட்டார்கள். எங்கள் நிறுவனத்துக்கு நிதி வந்தது, வெட்டினோம். எத்தனை மரம் என்று எண்ணி, போட்டோ எடுத்து, மார்ச் மாதம் ‘பணி நிறைவு’ என்று எழுதிக் கொடுத்தோம். சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். மேலே நிழல் போனதும், ஜூன் மழையில் கீரைப் பாத்தி மாதிரி நெருக்கமாக முளைத்து வந்தது. பிடுங்க ஆள் இல்லை, ஏனென்றால் புராஜெக்ட் முடிந்துவிட்டது. மரத்தடியில் நிழலுக்குத் தலைகாட்டியிருந்த சோலைக்காட்டு மரக் கன்றுகளையும் சேர்த்து வெட்டியிருந்தோம் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

அடுத்த வருஷம் வேறொரு நிதியில் சர்வே எடுக்க அதே ஹட்டிக்குப் போனேன். ஒரு பாட்டி வீட்டுக் கதவு நிலைக்கு மேலே ஐந்து எண்கள் இருந்தன. சிவப்பு பெயிண்டில் ஒன்று, நீலத்தில் ஒன்று, சாக்பீஸில் அரைகுறையாக ஒன்று, பாதி கிழிந்த ஸ்டிக்கர் இரண்டு. பாட்டி என் கையிலிருந்த பெயிண்ட் டப்பாவைப் பார்த்தார். “இந்த வாட்டி எந்த நம்பர் தம்பி?” என்றார். திட்டவில்லை. தேநீர் கொடுத்தார், நான் கேட்டதற்கெல்லாம் ஆமாம் ஆமாம் என்றார். அன்று ராத்திரி நான் எழுதினேன்: ‘பயனாளிகளிடம் ஆர்வம் குறைவு.’

இப்போது உங்கள் வட்டத்தை வரையுங்கள். ஊரில் நம்பிக்கை குறைகிறது, அதனால் பலன் குறைகிறது. பலன் தெரியாததால் நிதி தருபவர் இன்னும் நாலு படிவம் கேட்கிறார். களப்பணியாளர் ராத்திரி பத்து மணி வரை வவுச்சர் ஒட்டி, எக்செல் நிரப்பி, வெறுத்துப்போய் கோவைக்கு வேலை தேடிப் போகிறார். புதிதாக வருகிறவர் பாட்டியிடம் பெயரிலிருந்து ஆரம்பிக்கிறார். நம்பிக்கை இன்னும் குறைகிறது. இந்த வட்டத்தில் உங்கள் அலுவலகம் எங்கே இருக்கிறது? பயிற்சியில் வரைந்த சார்ட்டை எடுத்துப் பாருங்கள். வறுமை, குடி, மழை, அரசு எல்லாம் இருக்கும். உங்கள் நிறுவனம் இருக்காது. ஓரத்தில் நின்று அம்பு விடுகிறவராகத்தான் நம்மை நாம் வரைந்துகொள்கிறோம். அலுவலகத்தை உள்ளே வரையாத படத்தை மடித்து வைத்துவிடுங்கள், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

சட்டமும் உதவியாக இல்லை, தெரியும். கம்பெனிகள் சமூகப் பணிக்கென ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணத்தில் தொடர் திட்டம் என்றால், ஆரம்பித்த வருஷம் போக அதிகபட்சம் 3 வருஷம். வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவுக்கான வரம்பை 2020இல் 50 சதவீதத்திலிருந்து 20 ஆக்கிவிட்டார்கள். 3 வருஷப் பணத்தை வைத்துக்கொண்டு, 30 வருஷம் காத்திருக்கும் விதையோடு மோதுகிறோம். ஆனால் இதையே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். ஊருக்குள் யார் போகிறார், எத்தனை நாள் போகிறார் என்பது இன்னமும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

சம்பளம் பற்றிய பகுதியைக் கடிதத்திலிருந்து நீக்கியிருக்கிறேன். அதை உங்கள் இயக்குநரிடம் நேரில் பேசுங்கள். பயப்படாதீர்கள்.

அப்புறம் ஒரு வேலை. உங்கள் கிராமங்களில் ஒன்றில் பத்து வீட்டுக்குப் போங்கள். நோட்டு, போன் எதுவும் வேண்டாம். கடைசி ஐந்து வருஷத்தில் உங்கள் நிறுவனத்திலிருந்து எத்தனை பேர் மாறி மாறி வந்தார்கள், அதில் யார் பெயராவது ஞாபகம் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். கேட்டதை எனக்கு எழுதுங்கள். ஊட்டிப் பக்கம் வந்தால் வீட்டுக்கே வாருங்கள், பேசலாம்.