நூறு ஆய்வுக் கட்டுரை எழுதிய டாக்டர் என்றால் நம்பிப் போகலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 68. வலது இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. முதுகெலும்பில் நரம்பு அழுத்தம் இருப்பதாகவும் ஸ்கேனில் வந்திருக்கிறது. நாங்கள் பார்க்கவிருக்கும் எலும்பு சிகிச்சை நிபுணர், மூட்டு மாற்று, முதுகெலும்பு இரண்டிலும் நூற்றுக்கு மேல் ஆய்வுக் கட்டுரைகள் எழுதியவராம். அதை வைத்து அவரையே தேர்ந்தெடுக்கலாமா?

பதில்: எண்ணிக்கையை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய இரண்டு பக்கக் குறிப்பும் கட்டுரைதான். நூற்றுக்கணக்கானவர்களைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்து எழுதியதும் கட்டுரைதான். பட்டியலில் இரண்டும் ஒரே ஒரு வரி.

மூட்டு மாற்றில் நான் முதலில் தேடுவது, எத்தனை வருடம் பின்தொடர்ந்தார்கள் என்பதைத்தான். இன்றைய இடுப்பு மூட்டு மாற்றுக்கு வழி போட்ட ஜான் சார்ன்லி, தொடக்கத்தில் தொடை எலும்பின் உருண்டை சுழலும் குழியில் டெஃப்லான் என்ற பிளாஸ்டிக்கால் ஆன கிண்ணங்களைப் பொருத்தினார். நோயாளிகள் வலியில்லாமல் நடந்தார்கள், எல்லாருக்கும் சந்தோஷம். சில வருடங்களில் கிண்ணம் தேய்ந்து, உதிர்ந்த துகள்கள் சுற்றியிருந்த திசுவைக் கெடுத்தன. அவர் தன் நோயாளிகளை விடாமல் கவனித்ததால்தான் இது பிடிபட்டது. 1962-ல் பாலிஎத்திலீன் என்ற வேறொரு பிளாஸ்டிக்குக்கு மாறினார். ஒரு வருடத்தோடு நிறுத்தியிருந்தால் டெஃப்லான் அமோக வெற்றி என்றே கட்டுரை வந்திருக்கும்! ஸ்வீடன் 1979-லேயே இடுப்பு மூட்டு மாற்றுகளுக்கு ஒரு தேசியப் பதிவேடு தொடங்கியதற்கும் இந்த மாதிரி நீண்டகாலக் கணக்கின் தேவைதான் காரணம்.

அதனால் கட்டுரையைத் திறந்து, எத்தனை பேர், எத்தனை வருடம், நடுவில் தொடர்பு விட்டுப்போனவர்கள் எவ்வளவு என்று பாருங்கள். கடைசியில் சிறிய எழுத்தில் இருக்கும் நிதி விவரத்தையும் விடாதீர்கள். செயற்கை மூட்டு தயாரிக்கும் நிறுவனத்திடம் பணம் பெற்றிருந்தால் அங்கே சொல்லியிருப்பார்கள். பணம் வாங்கினாலே தப்பு என்றில்லை, ஆனால் தெரிந்துகொண்டு படிப்பது நல்லது.

சரி, உங்கள் அம்மா விஷயத்துக்கு வருவோம். இரண்டு துறையிலும் ஆய்வு செய்தவர் என்பது இங்கே நிஜமாகவே உதவலாம். இடுப்பு மூட்டும் முதுகும் சேர்ந்து கெடும்போது வலி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. தொடை இடுக்கில் வலி, கால் நகம் வெட்டக் குனிய முடியவில்லை என்றால் பெரும்பாலும் மூட்டு. நடக்க நடக்க முழங்காலுக்குக் கீழே மரத்துப்போய், உட்கார்ந்தாலோ முன்னால் சாய்ந்தாலோ சரியாகிறது என்றால் முதுகு. குழப்பம் தீராவிட்டால் இடுப்பு மூட்டுக்குள் மரப்பு ஊசி போட்டுப் பார்ப்பார்கள்; சிறிது நேரத்துக்கு வலி விலகினால் காரணம் மூட்டுதான்.

எதை முதலில் செய்வது என்பதும் சாதாரணக் கேள்வி இல்லை. நாம் உட்காரும்போது இடுப்பெலும்பு பின்னால் சாயும். அறுவை சிகிச்சையில் முதுகெலும்புகளை ஒன்றோடொன்று இணைத்து இறுக்கிவிட்டாலோ, முதுகு தானாகவே விறைத்துவிட்டாலோ அந்தச் சாய்வு குறையும். செயற்கை மூட்டு நழுவும் ஆபத்து கூடும். கிண்ணத்தை எந்தக் கோணத்தில் வைப்பது என்பதை அதற்கேற்ப முடிவு செய்ய வேண்டும். நிற்கும்போதும் உட்காரும்போதும் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுப்பீர்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். இந்தத் துறையில் உழைத்தவராக இருந்தால் அந்தக் கேள்விக்கே முகம் மலர்ந்து விளக்குவார்.

அப்புறம், வருடத்துக்கு எத்தனை இடுப்பு மூட்டு மாற்று செய்கிறார், அவரிடம் செய்துகொண்டவர்களில் எத்தனை பேருக்கு மறுபடி அறுவை சிகிச்சை தேவைப்பட்டது என்றும் கேட்கலாம். கேட்பதில் கூச்சமே வேண்டாம். எழுதுவது வேறு, அறுவை சிகிச்சை அறையில் கை பழகியிருப்பது வேறு.

இதற்கெல்லாம் சில வாரங்கள் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பாதம் தூக்க முடியாமல் போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, அந்தரங்கப் பகுதி மரத்தாலோ எந்த டாக்டர் என்று யோசிக்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போய்விடுங்கள்.