போர்டபெல்லோ சாலை: சனிக்கிழமை, அதுவும் காலையிலேயே

கேள்வி: லண்டனில் மகள் வீட்டுக்குப் போகிறோம். ‘பெட்நாப்ஸ் அண்ட் புரூம்ஸ்டிக்ஸ்’ படத்தைப் பள்ளி நாளில் பார்த்ததிலிருந்து போர்டபெல்லோ சாலைச் சந்தைமேல் ஒரு கண். படத்தில் வருவது போலவே இருக்குமா? எப்போது போகலாம்? (வாசகி, திருச்சி)

பதில்: அப்படியே இருக்காது. 1971இல் வந்த அந்தப் படத்தின் சந்தை, கலிபோர்னியாவில் டிஸ்னி ஸ்டுடியோவுக்குள் போட்ட செட். கதை நடப்பது 1940இல். பழம்பொருள் வியாபாரிகள் இங்கே திரளாக வந்து சேர்ந்ததோ அதற்குப் பிறகு, லண்டனின் இன்னொரு பழைய சந்தையான கலிடோனியன் சந்தை மூடப்பட்டதும்தான். நிஜத் தெரு குறுகலானது, சரிவானது. பேரப்பிள்ளைகள் கூட வந்தால் 86ஆம் எண் சிவப்புக் கடையைக் காட்டுங்கள். 2014இல் வந்த ‘பாடிங்டன்’ கரடிப் படத்தில் பழம்பொருள் வியாபாரி க்ரூபரின் கடை அதுதான்.

பழம்பொருளுக்குச் சனிக்கிழமை மட்டுமே கணக்கு. மற்ற நாட்களில் காய்கறியும் சில்லறைச் சாமான்களும் இருக்கும். வியாழன் மதியத்தோடு கடை கட்டிவிடுவார்கள். ஞாயிறு பிரதான சந்தை கிடையாது. சனியன்றும் ஒன்பது மணிக்கே போய்விடுங்கள். பதினொன்றுக்கு மேல் நின்று எதையும் கையில் எடுத்துப் பார்க்க முடியாது.

நாட்டிங் ஹில் கேட் நிலையத்தில் இறங்கி, பெம்பிரிட்ஜ் சாலை வழியாகப் போனால் இறக்கத்திலேயே நடக்கலாம். முதலில் பழம்பொருள், எல்ஜின் கிரசென்ட் தாண்டினால் காய்கறி, மேம்பாலத்தடியில் பழைய துணிமணி. திரும்பி மேடேறாதீர்கள், பாலத்துக்குப் பக்கத்திலேயே லாட்புரோக் குரோவ் நிலையம் இருக்கிறது. நல்ல சரக்கு தெருவோர மேசைகளைவிட ஆர்கேட் எனப்படும் உள்கட்டு வளாகங்களில்தான் அதிகம். வாசல் சின்னதாக இருப்பதால் பலர் பார்க்காமலே கடந்துவிடுகிறார்கள்.

கேள்வி: அங்கே வெள்ளி ஸ்பூன் வாங்க ஆசை. கவரிங்கைக் கொடுத்து ஏமாற்றினால் எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், கோவை)

பதில்: பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று பையில் இருக்கட்டும். ஸ்பூனைத் திருப்பிக் காம்பின் பின்புறம் பாருங்கள். இங்கிலாந்தில் முத்திரையிட்ட ஸ்டெர்லிங் (92.5 சதவீதத் தூய்மை) வெள்ளியானால் நடக்கும் சிங்கம் இருக்கும். பக்கத்தில் ஊர் முத்திரை: சிறுத்தைத் தலை லண்டன், நங்கூரம் பர்மிங்காம், கிரீடம் ஷெஃபீல்டு (1975 முதல் ரோஜா). ஓர் எழுத்தும் இருக்கும்; அது ஆண்டைச் சொல்லும். ‘ஈபிஎன்எஸ்’ (EPNS) என்ற நான்கு எழுத்தைக் கண்டால் அது முலாம்தான். அதையும் ஆசைக்கு வாங்கலாம், வெள்ளி விலை கொடுக்காதீர்கள். முலாம் பூசியவர்களும் கட்டம் கட்டமாக முத்திரை அடித்திருப்பார்கள். கட்டங்களின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம், சிங்கத்தைத் தேடுங்கள்.

காந்தம் வைத்துப் பார்ப்பது இங்கே உதவாது. முலாமுக்கு அடியில் உள்ள நிக்கல் கலவையும் காந்தத்தில் ஒட்டாது. அதைவிட, மேசையில் உரசும் இடத்தை, அதாவது ஸ்பூன் குழியின் அடிவயிற்றைப் பாருங்கள். அங்கே மஞ்சளாகவோ மங்கலாகவோ வேறு நிறம் தெரிந்தால் முலாம் தேய்ந்திருக்கிறது.

கத்தி வாங்குவதானால் எடையை நம்பாதீர்கள். வெள்ளிப் பிடி வெறும் கூடு; உள்ளே பிசின் அடைத்திருக்கும், அலகு எஃகு. அதனால்தான் வெந்நீரில் ஊறப்போட்டால் பிசின் இளகி அலகு ஆட்டம் காணும்.

கேள்வி: பேரம் பேசலாமா? (வாசகி, மதுரை)

பதில்: தாராளமாக. ஆனால் பாதி விலைக்குக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். “கடைசி விலை என்ன?” என்று கேளுங்கள், பத்து சதவீதம் குறைந்தால் நல்ல பேரம். இரண்டு மூன்று பொருள் சேர்த்து எடுத்தால் இன்னும் இறங்குவார்கள். கையில் நோட்டு இருக்கட்டும். தந்தப் பிடி போட்ட எதையும் தொடாதீர்கள்: 2022 முதல் பிரிட்டனில் தந்த வியாபாரம் சில விலக்குகள் தவிரத் தடை, இந்தியச் சுங்கத்திலும் மாட்டிக்கொள்வீர்கள். கத்திகளைக் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் போடுங்கள்.