வெள்ளைக் கல்லுக்கு அடியில் தண்ணீர் தேங்குதா?

காட்பாடி வீட்டு வாசலில் வெள்ளைக் கூழாங்கல் கொட்டி ஆறே மாதத்தில் புல் முளைத்துவிட்டது, மழைத்தண்ணீரும் தேங்குகிறது என்று கேட்டிருந்தீர்கள். கல் மேல் குற்றமில்லை சார், அடியில் விரித்த பிளாஸ்டிக் ஷீட்தான் வினை. தண்ணீர் இறங்க வழியில்லை. மேலே படியும் மண்ணிலும் வேப்பஞ்சருகிலும் புல் வேர்விடுகிறது. ஷீட்டை எடுத்துவிட்டு, தரையைச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக லேசாகச் சரித்து, தண்ணீர் இறங்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரியுங்கள். கல் 2 அங்குலக் கனம் போதும். 100 சதுர அடிக்குச் சுமார் 17 கன அடி. ஓரத்தில் செங்கல் வரிசை கட்டாவிட்டால் பாதிக் கல் தெருவுக்குப் போய்விடும். கறை போக ஆசிட் மட்டும் ஊற்றாதீர்கள், மார்பிள் சில்லாக இருந்தால் அரித்துவிடும். என்னைக் கேட்டால் கருங்கல் ஜல்லியே மேல். வேலூர் மே மாத வெயிலில் வெள்ளைக் கல்லைப் பார்த்தாலே கண் கூசும்! சருகை மட்டும் வாரம் ஒருமுறை வாரிவிடுங்கள்.