முருங்கையில் மயிர்க்கொட்டி: மரத்தைத் தறிக்க வேணுமோ?

கேள்வி: ஐயா, ஒட்டுசுட்டானில் எங்கட வளவு வேலியோட நாலு முருங்கை நிக்குது. மழை தொடங்கின பிறகு அடிமரம் முழுக்க மயிர்க்கொட்டி. புழுவுக்குக் கிட்டவே போகாத சின்னவனுக்கும் கழுத்தும் கையும் தடிச்சுக் கடிக்குது. அயல்வீட்டுப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். மரத்தைத் தறிக்கச் சொல்லி எல்லாரும் நிக்கினம். பந்தம் கொளுத்திச் சுட்டால் சரிவருமோ? ஆட்டுக்குக் குழை ஒடிக்கலாமோ?

பதில்: மரத்தில் கத்தி வைக்க வேண்டாம், தங்கச்சி. இப்போது தறித்தால் புழு நிறைந்த கொப்புகள் விழுந்து, மயிர் வளவெல்லாம் பரவும்.

முதலில் பிள்ளையைப் பாருங்கள். அவர் புழுவைத் தொட்டிருக்கத் தேவையில்லை. அந்த நுண்ணிய மயிர் காற்றில் வரும், கொடியில் காயும் உடுப்பில் ஒட்டும். தோலில் குத்தி முறிந்து நின்றுதான் தடிப்பைத் தருகிறது. சில இனங்களில் மயிருக்குள் நஞ்சும் உண்டு. ஆகவே சொறியவோ துவாயால் துடைக்கவோ விடாதீர்கள். எண்ணெய், திருநீறு என்று எதையும் போட்டுத் தேய்த்தால் மயிர் இன்னும் உள்ளே இறங்கும். செலோரேப்பைத் தோலில் ஒட்டி உரித்தெடுங்கள்; ஒவ்வொரு முறையும் புதுத் துண்டு. பிறகு சவர்க்காரம் போட்டு, தண்ணீரை ஓடவிட்டுக் கழுவி, குளிர்ந்த ஈரத்துணி வையுங்கள். கடி தணிய கலமைன் பூசலாம். போட்டிருந்த உடுப்பைச் சுடுநீரில் தனியாகத் தோய்க்க வேண்டும். கண்ணில் பட்டால் கசக்காமல் நல்ல தண்ணீரால் கழுவி அன்றைக்கே ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்கள். மூச்சு இழுத்தாலோ, முகம், உதடு வீங்கினாலோ உடனே 1990 அம்புலன்ஸ்.

இனி மரம். இந்தப் புழுக்கள் இரவில் இலை தின்னும், பகலில் அடிமரத்துக்கு இறங்கி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். பழைய கம்பளித் துண்டை மரத்தில் ஒட்டிவிட்டதுபோல் இருக்கும். அப்படிக் கூட்டமாகக் கிடக்கும் பகல்வேளைதான் உங்களுக்கு வாய்ப்பு.

பந்தம் பிடிப்பது எங்கட ஆக்கள் நெடுங்காலமாகச் செய்கிற வேலை, புழுவும் சாகும். ஆனால் வீடுகள் நெருக்கமான இடத்தில் நான் அதைச் சொல்லமாட்டேன். சூட்டோடு எழும் மயிர் அயல்வீட்டு முற்றத்தில் இறங்கும், கிடுகு வேலியில் நெருப்புப் பிடிக்கும், முருங்கையின் மெல்லிய பட்டையும் வெந்துபோகும். செத்த புழுவின் மயிரும் கடிக்கும் என்பதை மறக்காதீர்கள். மயிர் பறக்காதபடி முதலில் நனைத்துவிட வேண்டும்.

காற்று அடங்கிய நேரமாகப் பாருங்கள். கொடியில் உடுப்பு இருக்கக்கூடாது, கிணற்றை மூடிவிடுங்கள், பிள்ளைகளை அப்பால் அனுப்புங்கள். நீட்டுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி, வாய்க்கவசம் எல்லாம் வேண்டும். ஒரு வாளித் தண்ணீரில் ஒரு பிடி சவர்க்காரத் தூளைக் கரைத்து, நன்றாகக் கழுவிய தெளிகருவியால் கூட்டம் முழுதும் ஊறும்வரை மெதுவாக அடியுங்கள். பிறகு நீளத் தடியில் கட்டிய தகட்டால் வழித்து, சவர்க்காரத் தண்ணீர் உள்ள இன்னொரு வாளியில் விழுத்துங்கள். முழங்கால் ஆழத்தில் கிடங்கு வெட்டித் தாழ்த்துங்கள். உதிர்ந்த தோல்களையும் நனைத்தே கூட்ட வேண்டும். காய்ந்தபடி விளக்குமாறு போட்டால் எல்லாம் மேலே எழும்பும். மிச்சம் மேலே இருப்பவை மறுநாள் இறங்கும், திரும்பவும் செய்யுங்கள்.

குழை இப்போதைக்கு வேண்டாம். மயிர் ஆட்டின் நாக்கிலும் வாயிலும் குத்திப் புண்ணாக்கும். மரம் துப்புரவாகி நல்ல மழையும் பெய்து கழுவும்வரை கிளிசரியா, பூவரசு, இப்பிலிப்பில் போடுங்கள். வீட்டுக் கறிக்கும் முருங்கை இலை அதுவரை ஒடிக்காதீர்கள்.

புழு மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகும். அதனால் அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் கொத்திப் புரட்டிவிடுங்கள், கோழிகள் மிச்சத்தைப் பார்க்கும். அடுத்த மாரியில் முதல் மழையோடு அந்துகள் கிளம்பும்போது இரவில் ஒரு விளக்கும் கீழே சவர்க்காரத் தண்ணீர்த் தாச்சியும் வையுங்கள். இலையில் குவியலாக முட்டை கண்டால் அந்த இலையோடு கிள்ளி எடுங்கள். அயலவையின் வளவு முருங்கைகளையும் அன்றே பார்க்கச் சொல்லுங்கள். உயர்ந்த மரமாகிக் கைக்கு எட்டாவிட்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுங்கள்.