சீன மொழியில் வினையோடு 'ல' என்ற சொல்லைச் சேர்த்தால் இறந்தகாலம் ஆகிவிடுமா?

இல்லை. புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்கள். மாண்டரின் (சீனாவின் பொதுமொழி) வினைச்சொல் காலத்துக்கோ ஆளுக்கோ ஏற்ப மாறுவதே இல்லை. 'ச்சு' என்றால் சாப்பிடு. நான், நீ, அவர்கள், நேற்று, நாளை எல்லாவற்றுக்கும் அதே 'ச்சு'தான். காலத்தை 'ஸுவோதியென்' (நேற்று), 'மிங்தியென்' (நாளை) போன்ற சொற்களே காட்டிவிடும்.

அப்படியானால் 'ல' எதற்கு? வினைக்குப் பின்னால் வந்தால், செயல் முடிந்ததைச் சொல்கிறது. தமிழர்களுக்கு இது எளிது, நம் 'விடு' கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்கிறது. 'வோ ச்சு ல' என்றால் சாப்பிட்டுவிட்டேன். 'மிங்தியென் வோ ச்சு ல ஃபான் ஜியு ச்யூ' என்றால், நாளை நான் சாப்பிட்டுவிட்டுப் போவேன். எதிர்காலத்திலும் 'ல' வருகிறது பாருங்கள்! இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டால் குழப்பம் பாதி தீரும்.

வாக்கியக் கடைசியில் வந்தால், நிலைமை மாறியதை உணர்த்தும்: 'சியா யூ ல', அதாவது மழை வந்துவிட்டது.

'சாப்பிடவில்லை' என்பதற்கு 'வோ மெய் ச்சு' போதும். அங்கே 'ல' சேர்க்காதீர்கள். பலரும் தவறுவது இங்கேதான். அதேபோல, 'நேற்று வீட்டில் இருந்தேன்' என்பதற்கும் 'ல' தேவையில்லை: 'ஸுவோதியென் வோ ஸாய் ஜியா.'