பழைய கார்ல ஹைட்ராலிக் டேப்பட் சத்தம், எட்டையும் மாத்தச் சொல்றாங்க, மாத்தலாமா?

நீங்க சொன்னது 2003 மாடல் பெட்ரோல் வண்டி, டக் டக்னு மேல இருந்து சத்தம், மெக்கானிக் எட்டு டேப்பட்டையும் (வால்வைத் திறந்து மூடுற அமைப்புல இடைவெளி விழாம பாத்துக்கிற குட்டிப் பாகம்) மாத்தணும்ங்கிறார். தயவுசெஞ்சு இப்பவே மாத்தாதீங்க, முதல்ல ஆயில் பிரஷரை அளக்கச் சொல்லுங்க.

என்கிட்ட 2001 ஓப்பல் கோர்சா 1.6 இருந்துச்சு. அந்த என்ஜின்ல மேல்பாகத்தை இறுக்குற ஹெட் போல்ட்டுதான் கேம் ஹவுசிங்கையும் (வால்வைத் தள்ளித் திறக்கிற கேம் ஷாஃப்ட் உக்காந்திருக்கிற கூடு) சேர்த்துப் பிடிச்சிருக்கும், ஸ்பெஷல் டூல் இல்லாத இடத்துல டேப்பட் எடுக்கணும்னா ஹெட் போல்ட்டையே கழட்டணும், அப்புறம் கேஸ்கெட், புது போல்ட்டுன்னு செலவு இழுத்துக்கிட்டே போகும். ஒரு ஒர்க்‌ஷாப்ல எட்டையும் மாத்திக் கொடுத்தாங்க, ரெண்டு மாசம் நல்லா ஓடுச்சு, திரும்ப அதே சத்தம். மனசே விட்டுப்போச்சு.

வேற ஒரு மெக்கானிக் அண்ணன்தான் ஆயில் பிரஷர் ஸ்விட்சைக் கழட்டிட்டு அந்த ஓட்டையில பிரஷர் கேஜ் மாட்டினார். என்ஜின் நல்லா சூடானப்புறம் ஐடிலிங்ல முள்ளு 7 பிஎஸ்ஐலயே நிக்குது, ஆனா டேஷ்போர்டுல சிவப்பு லைட் எரியல, ஏன்னா பிரஷர் அதைவிடக் கீழ போனாத்தான் அது எரியும். சம்ப்பை (என்ஜின் அடியில ஆயில் தேங்குற தொட்டி) இறக்கிப் பாத்தா ஆயில் பம்ப் உறிஞ்சுற சல்லடை முக்கால்வாசி அடைச்சிருக்கு, கறுப்பு மை மாதிரி கசடு, நடுவுல யாரோ எப்பவோ அள்ளிப் பூசுன கேஸ்கெட் பேஸ்ட் ஆரஞ்சு கலர்ல நூல் நூலா சிக்கியிருக்கு. சுத்தம் பண்ணி மாட்டுனதும் அதே ஐடிலிங்ல 20க்கு மேல வந்துச்சு, டேப்பட்டைத் தொடவே இல்ல, ரெண்டு நாள்ல சத்தம் நின்னுருச்சு.

ஹைட்ராலிக் டேப்பட் ஒரு குட்டி சிரிஞ்ச் மாதிரிதான், உள்ள ஆயில் நிறைஞ்சு இடைவெளியை அடைக்கும், ஆயில் வரலைன்னா இடைவெளி அப்படியே நிக்கும், அதுதான் அடிக்குது. அதனால சத்தம் எப்ப வருதுன்னு கவனிங்க. காலையில ஸ்டார்ட் பண்ணதும் ரெண்டு மூணு செகண்ட் வந்து நின்னா கவலையே வேண்டாம், ராத்திரி வால்வு ஸ்பிரிங் அழுத்தத்துல நின்ன டேப்பட்ல ஆயில் வடிஞ்சிருக்கும். சூடானப்புறம் ஆரம்பிச்சா பிரஷர் கம்மி, இல்ல டேப்பட் உள்ளயே தேய்ஞ்சு ஆயில் கசியுது. ரேஸ் பண்ணா மட்டும் வந்தா டிப் ஸ்டிக் பாருங்க, ஆயில் கம்மியா இருந்தாலும் காத்து கலக்கும், அளவுக்கு மேல ஊத்தியிருந்தாலும் கீழ சுத்துற கிராங்க் ஷாஃப்ட் ஆயில்ல அடிச்சு நுரை தள்ளும்.

இன்னொண்ணு, டேப்பட்னு நினைக்கிற சத்தம் பல நேரம் டேப்பட்டே இல்ல. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் லீக் ஆனாலும் அச்சு அசல் இதே டிக் டிக்தான், வண்டி சூடானா குறையும். நீளமான ஸ்க்ரூ டிரைவர் முனையை வால்வு கவர் மேல வச்சு, பிடியைக் காதுல வச்சுக் கேளுங்க, பெல்ட் பக்கம் மட்டும் போயிராதீங்க. என்ஜின் ஓடுறப்ப பெட்ரோல் தெளிக்கிற ஒவ்வொரு இன்ஜெக்டர் கனெக்டரா கழட்டும்போது சத்தம் நல்லா குறைஞ்சா அது கீழ பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கனெக்டிங் ராடோட பேரிங்கா இருக்கலாம், அப்படின்னா வண்டியை ஓட்டவே ஓட்டாதீங்க. டேப்பட்டா இருந்தா பெருசா மாறாது.

பிரஷர் சரியா இருந்தும் சத்தம் நிக்கலைன்னா கவரைத் திறந்து, கேம் மூக்கு (கேமோட துருத்தின பக்கம்) மேல பாத்து நிக்கிற வால்வுல, ராக்கர்ல (வால்வை அமுக்குற கை) அடியில டேப்பட் இருக்கிற பக்கத்தை மரக்குச்சியால அழுத்துங்க. நல்ல டேப்பட் கல்லு மாதிரி நிக்கும், போனது பஞ்சு மாதிரி அமுங்கும். கேம் மூக்கு தேய்ஞ்சிருக்கான்னும் அப்பவே பாத்துருங்க.

யாராவது ஃப்ளஷ் (உள்ள இருக்கிற கசடைக் கரைக்கிற திரவம்) ஊத்தச் சொன்னா பழைய என்ஜின்ல வேண்டாம், கசடு மொத்தமா பேர்ந்து நேரா சல்லடைக்குத்தான் போகும். மேனுவல்ல சொன்ன கிரேடு ஆயில், நல்ல ஃபில்டர், 1000 கிலோமீட்டர்ல திரும்ப ஒரு தடவை மாத்துங்க. கேஜ்ல சூடா ஐடிலிங்ல எவ்வளவு காட்டுதுன்னு கமெண்ட்ல போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.