'திருப்தியா?' என்று கேட்டால்

கேள்வி: எங்கள் ஊர் ரேஷன் கடையிலும் அரசு மருத்துவமனையிலும் கருத்துக் கேட்டபோது பெரும்பாலோர் 'திருப்தி' என்றே சொன்னார்கள். கிடைத்ததே போதும் என்றிருக்கும் ஏழைகளிடம் சேவையின் தரத்தைப் பற்றிக் கேட்டு என்ன பயன்?
– வாசகர், விருத்தாசலம்

பதில்: கேட்டவர் யார், எங்கே வைத்துக் கேட்டார் என்பதை நீங்கள் எழுதவில்லை. அடுத்த மாதமும் அதே வரிசையில் வந்து நிற்க வேண்டியவரை, அரிசி போடுபவரின் கண்ணெதிரே நிறுத்தித் 'திருப்தியா?' என்றால் அவர் வேறென்ன சொல்வார்? நீங்கள் மனநிறைவு என்று எடுத்துக்கொண்டது எனக்கு முன்ஜாக்கிரதையாகவே படுகிறது. தவிர, 'சரக்கு வரவில்லை' என்று திருப்பி அனுப்பப்பட்டவரும், மருத்துவருக்காகக் காத்திருந்தால் அன்றைய கூலி போய்விடும் என்று பாதியில் எழுந்து போனவரும் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

பெங்களூரில் பொருளியல் அறிஞர் சாமுவேல் பால் 1994-இல் வெளியிட்ட, அரசுத் துறைகளுக்கு மக்களே மதிப்பெண் போடும் மதிப்பீட்டு அட்டைக்காக, குடிசைப் பகுதியினரைத் தனியே சந்தித்துக் கேட்டார்கள். திருப்தியோடு நிறுத்தாமல், எத்தனை முறை அலைந்தீர்கள், வேலை முடிந்ததா, லஞ்சம் கொடுத்தீர்களா என்றும் கேட்டு, விடைகளைத் துறைவாரியாகப் பிரித்துச் செய்தித்தாள்கள் வழியே ஊரறியச் செய்தார்கள். பெங்களூர் வளர்ச்சி ஆணையத்துக்குக் கிடைத்தது படுமோசமான மதிப்பெண். அட்டை வெளிவந்ததும் எல்லாம் மாறிவிடவில்லை. 1999-இல் மீண்டும் கேட்டபோது முன்னேற்றம் சொற்பமே. கர்நாடகத்தில் எஸ்.எம். கிருஷ்ணா அரசு நகர மேம்பாட்டுக்காக அமைத்த செயற்குழுவின் கூட்டங்களில் துறைத் தலைவர்கள் பொதுமக்கள் முன் கணக்குச் சொல்ல வேண்டிவந்த பிறகு, 2003-இல் எடுத்த மூன்றாவது அட்டையில்தான் மாற்றம் தெளிவாகத் தெரிந்தது.

ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பினர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்துக் கோட் கிரானாவில் தொடங்கிய அவர்களது பொது விசாரணைகளில், பஞ்சாயத்து வேலைகளின் வருகைப் பதிவேட்டையும் செலவுச் சீட்டுகளையும் ஊரார் நடுவே உரக்கப் படித்தார்கள். வேலைக்கே போகாதவர்கள் தங்கள் பெயரில் கூலி எழுதப்பட்டிருப்பதை அங்கேதான் அறிந்தார்கள். அதை எழுந்து சொல்ல அவர்களுக்கு எழுத்தறிவு தேவைப்படவில்லை. பக்கத்தில் ஊரே இருந்ததால் தனியாளாக மாட்டிக்கொள்ளும் பயமும் குறைந்தது. ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005-இல் வந்தபோது அதன் 17-ஆவது பிரிவு இப்படி ஊரார் முன் கணக்கைச் சரிபார்க்கும் சமூகத் தணிக்கையைக் கிராம சபையின் பொறுப்பாக்கியது. (கையாடப்பட்டதாகத் தணிக்கையில் கண்டுபிடித்த பணத்தை மீட்பது தனிக்கதை, அதில் நம் நாட்டின் வேகம் எல்லோரும் அறிந்ததுதான்.)

நம் ஊர்களிலும் வாங்காத சர்க்கரைக்கும் பருப்புக்கும் குறுஞ்செய்தி வந்ததாகப் புகார் சொல்வோர் உண்டு. 'திருப்தி' என்று சொன்ன அதே மக்களிடம், கடையின் சென்ற மாத விற்பனைப் பட்டியலைத் தெருவில் வைத்துப் படித்துக் காட்டிப் பாருங்கள். எதிர்பார்ப்பு குறைந்தவர்கள் என்ற உங்கள் முடிவை அவர்களே திருத்திவிடுவார்கள். 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், 28-ஆவது பிரிவில், நியாயவிலைக் கடைகளுக்கும் அவ்வப்போது சமூகத் தணிக்கை நடத்தச் சொல்கிறது. உங்கள் ஊர்க் கடையில் அது கடைசியாக எப்போது நடந்தது, அறிக்கை எங்கே என்று கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனுப் போடுங்கள். பதில் வந்தால் எங்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்; இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.